சி-14ல் மாடு நிற்கிறது

உலகத்தில் இதுவரை எந்தக் கட்டடமும் கட்டி முடிக்கப்படவில்லை என்று மனமார நம்பிய ஒரே மனிதர் எங்கள் பெண்டிங் அண்ணாச்சிதான். நீங்களும் நானும் இடிந்த கட்டடம் என்று சொல்வதை அவர் 'வேலை பாக்கி' என்பார். எத்தனையோ நூறு வருடத்துக்கு முந்தைய தேவாலயமாக இருந்தாலும் சரி, போன மாதம் கட்டிய கார் ஷெட்டாக இருந்தாலும் சரி, அவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. இரண்டிலும் ஏதோ ஒன்று பெண்டிங்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. விசாவிலும் லேபர் கார்டிலும் அது இருக்கிறது, வேறு எங்கும் இல்லை. நாங்குநேரிப் பக்கத்துக்காரர். துபாய்க்குக் கொத்தனாராக வந்து, சுவர் கட்டிச் சுவர் கட்டி, கடைசியில் மற்றவர்கள் கட்டிய சுவரைக் குறை சொல்லும் இன்ஸ்பெக்டராக உயர்ந்தவர். வீட்டுச் சாவியை வாங்கியவரிடம் கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வோர் அறையாகப் போய், எந்த டைல் ஏறி இறங்கியிருக்கிறது, எந்தக் கதவு கிறீச்சிடுகிறது, எந்தச் சுவரில் விரிசல் என்று எழுத வேண்டும். சைட்டில் அதற்கு ஸ்நாக் லிஸ்ட் என்று பெயர். குறை இருக்கும் இடத்தில் சிவப்பு வட்ட ஸ்டிக்கர் ஒட்டி, பக்கத்தில் அளவு டேப்பை நீட்டி, போட்டோ எடுத்து, பட்டியலில் 'பெண்டிங்' என்று போடுவார். சரிசெய்த பிறகு தானே போய்த் தடவிப் பார்த்தால்தான் 'க்ளோஸ்' என்று கையெழுத்து விழும். தடவாமல் ஒரு கையெழுத்து போட்டதில்லை.

ரூமில் ஒருவன் தன் நிச்சயதார்த்தப் படத்தை ஆசையாகக் காட்டினான். அண்ணாச்சி கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார்.

"பொண்ணு மகாலட்சுமி கணக்கா இருக்கு வே. பின்னால சுவத்துல பட்டி பாக்காம பெயின்ட் அடிச்சிருக்கானுவ. மாமனார்ட்ட சொல்லும்."

நான் அதே கம்பெனியின் அல் கூஸ் ஆபீசில் டாக்குமென்ட் கண்ட்ரோலர். பெயர்தான் பெரிது. வருகிற காகிதத்துக்கு நம்பர் போட வேண்டும், போகிற காகிதத்தை அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். அந்த அவ்வளவிலும் நான் கோட்டைவிட்டவன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தத் தேவாலயக் கிறுக்கு அவருக்கு எப்படிப் பிடித்தது என்றால், ஓர் ஈத் விடுமுறையில் பிடித்தது. துபாய் விசா கையில் இருந்தால் ஜார்ஜியாவுக்குச் சுலபமாகப் போய்விடலாம். அதனால் ஈத் வந்தால் பாதி அமீரகம் அங்கேதான் நிற்கும். நாங்கள் எட்டுப் பேர் போய் அங்கே ஒரு வேன் பிடித்தோம். பனியைப் பார்க்க வேண்டும், ரோப் காரில் ஏற வேண்டும், ஜாக்கெட் போட்டுக்கொண்டு படம் எடுத்து ஊருக்கு அனுப்ப வேண்டும், இதுதான் எங்கள் திட்டம். மலைப் பாதையில் ஒரு வளைவு. மேலே ஒரு மேட்டில் கூரையில்லாத பழைய கல் தேவாலயம் ஒன்று. கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டிருந்த அண்ணாச்சி கத்தினார்.

"யல்லா பாய், ஸ்டாப், ஸ்டாப். ஏய், நிறுத்துலே வண்டிய."

ஜார்ஜியா டிரைவருக்கு அரபியும் தெரியாது, இந்தியும் தெரியாது, நாங்குநேரித் தமிழ் சத்தியமாகத் தெரியாது. ஆனாலும் நிறுத்திவிட்டான். யாருக்கோ வாந்தி வருகிறது என்று நினைத்திருக்கிறான். அண்ணாச்சி கதவைத் திறந்து குதித்து, செருப்புக் காலோடு ஆட்டுக்குட்டி மாதிரி மேடேறினார். பத்து நிமிடம் ஆயிற்று, இருபது நிமிடம் ஆயிற்று. ரோப் கார் மூடிவிடுவான் என்று வேனுக்குள் ஆளாளுக்குத் திட்ட ஆரம்பித்தார்கள். அவரை இழுத்துவர என்னை அனுப்பினார்கள். நானும் நாலு வார்த்தை கேட்பதாகத்தான் மூச்சிரைக்க ஏறினேன்.

உள்ளே போனால் மனிதர் புல்தரையில் மல்லாந்து கிடக்கிறார். பகீர் என்றது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் போனை நெஞ்சுக்கு மேல் பிடித்து வானத்தைப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"படும் வே. என் பக்கத்துல படும். அந்த ஆர்ச்சப் பாரும்."

படுத்தேன். தலைக்கு மேலே இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒற்றை வளைவு நின்றுகொண்டிருந்தது. அதன் மேலிருந்த கூரை எந்தக் காலத்திலோ விழுந்துவிட்டது. வளைவுக்குப் பின்னால் நீல வானம். மேகம் போகப் போக வளைவுதான் நகர்கிறது போலிருந்தது.

"மேல இருந்த பாரம் பூரா எறங்கிட்டு. ஆனா வளைவு விழல. நட்ட நடுவுல ஒரு கல்லு தெரியுதுல்லா? அத உருவுனா மொத்தமும் தலையில வந்துரும். சிமென்ட் கெடையாது, கம்பி கெடையாது. எந்த ஊர்க் கொத்தனோ, வச்சிட்டுப் போயிருக்கான் பாரும். எனக்கு அவன் கையப் புடிச்சிக் கும்புடணும் போல இருக்கு வே."

எனக்குச் சிலிர்த்துவிட்டது என்பதை ஒத்துக்கொள்கிறேன். கும்பகோணத்தில் கோயில்களுக்கு நடுவே பிறந்து வளர்ந்தவன் நான். ஒரு நாளாவது மல்லாந்து படுத்து மேலே பார்த்ததில்லை. கீழே வேனின் ஹாரன் அலறிக்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் இரண்டு பைத்தியங்கள் மாதிரி சிரித்துக்கொண்டு புல்லில் கிடந்தோம். அன்றைக்கு ரோப் கார் போச்சு. எட்டுப் பேரில் ஆறு பேர் எங்களோடு இரண்டு நாள் பேசவில்லை.

அதோடு பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு ஒவ்வோர் ஈத் விடுமுறைக்கும் ஜார்ஜியா, இல்லையென்றால் ஆர்மீனியா. பனியைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். இடிந்த தேவாலயம் எங்கே என்று விசாரித்துக்கொண்டே போவார். மற்றவர்கள் முகப்பை எடுப்பார்கள், கோபுரத்தை எடுப்பார்கள். இவர் விரிசலை எடுப்பார். அதுவும் எப்படி? பழைய சுவரில் ஸ்டிக்கர் ஒட்டக்கூடாது என்று மரியாதை. அதனால் சிவப்பு ஸ்டிக்கரைத் தன் ஆள்காட்டி விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு, விரலை விரிசலுக்குப் பக்கத்தில் நீட்டிப் படம் எடுப்பார். எந்தப் படத்தைப் பார்த்தாலும் பொட்டு வைத்த விரல் ஒன்று மூலையில் நிற்கும்.

சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கும் கொத்தனார் தூக்குக் குண்டையும் கூட எடுத்துப் போவார். துபாயில் அதற்கெல்லாம் லேசர் கருவி இருக்கிறது. "வெயில்ல லேசர் எங்க வே தெரியும்" என்று சொல்லி, கொத்தனாராக இருந்தபோது வைத்திருந்த இரும்புக் குண்டை ஒரு லீவில் ஊரிலிருந்து கொண்டுவந்தார். நம் ஊர் விமான நிலையம். ஸ்கேனரில் பை நின்றுவிட்டது. பாதுகாப்பு அதிகாரி நல்ல தமிழர்.

"பையில கனமா என்ன பெரியவரே?"

அண்ணாச்சி பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். "குண்டு சார்" என்றார்.

மூன்று மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்கள். நாய் வந்தது, மோந்து பார்த்துவிட்டுப் போனது. கடைசியில் ஒரு பெரிய அதிகாரி வந்து, நூலில் குண்டைத் தொங்கவிடச் சொல்லிப் பார்த்திருக்கிறார். அண்ணாச்சி தொங்கவிட்டவர் சும்மா இருந்தாரா? "சார், ஒங்க ஆபீஸ் சுவரு வெளிய சாஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தார். விமானம் போய்விட்டது, அடுத்த நாள்தான் வந்து சேர்ந்தார்.

வீட்டில் வேறு சந்தேகம். மனைவிக்கு வாரம் தவறாமல் படம் அனுப்புவார். எல்லாம் தேவாலயம். ஒருநாள் அந்த அம்மாள் எனக்கு போன் செய்தார்.

"தம்பி, மறைக்காம சொல்லுங்க. அவுக வேதத்துல சேந்துட்டாகளா?"

வேதத்தில் சேர்வது என்றால் அவர்கள் ஊரில் கிறிஸ்தவராவது. நான் சிரித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். அவர் சமாதானமாகவில்லை.

"சேந்திருந்தாக்கூட பரவாயில்ல தம்பி. நல்லா இருக்க சர்ச்சா பாத்துப் போகப்படாதா? எல்லாம் இடிஞ்சில்லா கெடக்கு."

அமீரகத்திலேயே உம் அல் குவைன் பக்கம் ஒரு தீவில் பழங்காலக் கிறிஸ்தவ மடாலயம் ஒன்றைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை இழுத்துக்கொண்டு போனார். வேலி போட்டிருந்தது. காவலுக்கு நின்ற பாகிஸ்தான் பட்டாணி பாய் உள்ளே விட மறுத்துவிட்டார். வேலிக்கு வெளியே நின்று அண்ணாச்சி எட்டி எட்டிப் பார்த்தார். எங்கள் கண்ணில் பட்டது முழங்கால் உயரச் சுவர்கள்தான்.

"என்ன அண்ணாச்சி, ஒண்ணும் இல்லையே?"

"சுவத்தடி ஸ்கர்ட்டிங் மட்டும் முடிச்சிருக்கான் வே. மத்தது பூரா பெண்டிங்."

பட்டாணி பாய்க்கு அதை இந்தியில் விளக்கிச் சொன்னதும் அவரும் விழுந்து விழுந்து சிரித்து, தன் சுலைமானி டீயை எங்களுக்கு ஊற்றிக் கொடுத்தார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். படம் எடுத்தால் மட்டும் போதுமா? பட்டியல் போட வேண்டாமா? அண்ணாச்சிக்குத் தெரிந்த ஒரே படிவம் கம்பெனியின் ஸ்நாக் லிஸ்ட் படிவம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, ஒவ்வொரு தேவாலயத்துக்கும் ஒரு பட்டியல் தயாரிப்பார். இடம், குறை, யார் வேலை, நிலைமை என்று எல்லாக் கட்டமும் ஒழுங்காக நிரப்புவார். தேவாலயம் ஆங்கிலத்தில் சர்ச். அதனால் முதல் தேவாலயம் சி-1, அடுத்தது சி-2. நான் அதை பி.டி.எஃப். ஆக்கிக் கொடுப்பேன். வேலியில் போகிற ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்டுக்கொள்கிறோம் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

ஏனென்றால் அந்தச் சமயத்தில் எங்கள் கம்பெனி கட்டிக்கொண்டிருந்தது ஒரு வில்லா காலனி. ஏ பிளாக், பி பிளாக், சி பிளாக். சி பிளாக்கில் பதினாலாவது வில்லாவின் பெயர் என்ன? சி-14. என் மேசைக் கம்ப்யூட்டரில் இரண்டு சி-14 பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தன. ஒன்று வில்லா, மற்றொன்று ஜார்ஜியாவில் ஏதோ ஒரு மேட்டில் நிற்கும் தேவாலயம்.

எங்கள் வேலையைச் சரிபார்த்து முத்திரை குத்தும் கன்சல்டன்ட்டுக்கு அறுபது பட்டியல்களை மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். நாலே முக்காலுக்கு நான் அறுபதையும் அள்ளிப் போட்டு அனுப்பினேன். திறந்து பார்த்தேனா? பார்க்கவில்லை. பொத்தானை அமுக்கிவிட்டு, நிம்மதியாக ஒரு கடக் டீயும் குடித்தேன்.

நாலு நாள் கழித்துக் கன்சல்டன்ட்டிடமிருந்து பதில் வந்தது. வரிசையாக நம்பர் போட்டுக்கொண்டே வந்தவன் சி-14ஐத் திறந்தேன். கூரையில்லாத கல் தேவாலயம். அதன் நடுவில் ஒரு செவலை மாடு நின்றுகொண்டு என்னையே பார்த்தது. மூலையில் பொட்டு வைத்த விரல். கீழே அண்ணாச்சியின் பட்டியல்: கூரை இல்லை. கதவு, ஜன்னல் பொருத்தவில்லை. சுவரில் மரம் வளர்ந்திருக்கிறது. உள்ளே மாடு நிற்கிறது. மாட்டுக்கு எதிரே 'யார் வேலை' என்ற கட்டத்தில், ஹவுஸ்கீப்பிங்.

அதற்கும் கீழே பார்த்ததும் கண்ணை நம்ப முடியவில்லை. கன்சல்டன்ட் முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டிருந்தார். 'குறிப்புகளுடன் ஏற்கப்பட்டது.' சிவப்பு மையில் குறிப்புகள்: கூரையை உடனே முடிக்கவும். மரங்களை வேரோடு அகற்றவும். தளத்தில் விலங்குகளை அனுமதிப்பது ஒப்பந்தத்துக்கு விரோதம், இருபத்துநாலு மணி நேரத்துக்குள் வெளியேற்றவும்.

சிரிப்பதா அழுவதா? நான் அழும் பக்கம்தான் இருந்தேன். காரணம், எனக்கு ஏற்கெனவே ஒரு வார்னிங் லெட்டர் உண்டு. ஒரு வாடிக்கையாளரின் சமையலறை வரைபடத்தை இன்னொரு வாடிக்கையாளருக்கு அனுப்பியிருந்தேன். இரண்டாவது வார்னிங் வந்தால் விசா கேன்சல், ஊருக்கு டிக்கெட். அதுதான் எங்கள் கம்பெனி வழக்கம். மூன்று வருடம் தனியாக ரூமில் கிடந்துவிட்டு, அந்த வருடம்தான் மனைவியையும் மகளையும் துபாய்க்குக் கூட்டி வந்திருந்தேன். மகளுக்கு கேஜி அட்மிஷன் கிடைத்து, யூனிஃபார்மும் தைத்தாயிற்று. பள்ளி திறக்கும் நாளை அவளே சுவரில் எழுதி வைத்திருந்தாள்.

பதிலின் நகல் புராஜெக்ட் மேனேஜருக்கும் போயிருந்தது, கூப்பிட்டார். கோட்டயத்துக்காரர், எல்லோருக்கும் அவர் பி.எம். தான். என்னையும் அண்ணாச்சியையும் எதிரே நிற்க வைத்து, படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எடோ, நான் கிறிஸ்டியானி. லீவுக்குப் போனா ஷாப்பிங் போவேன். நீங்க ஹிந்து, நீங்க பள்ளிக்கு, சர்ச்சுக்கு, ஸ்நாக் எடுக்கறீங்க. எந்தா இது?"

"கூரை பெண்டிங் சார்" என்றார் அண்ணாச்சி.

பி.எம். தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னார். கன்சல்டன்ட் படத்தைப் பார்க்காமலே முத்திரை குத்துகிற ஆள். எல்லாக் குறையும் சரிசெய்தாயிற்று என்று எழுதி அனுப்பினால் அதையும் பார்க்காமல் குத்திவிடுவார். விஷயம் ஃபைலுக்குள் போய்விடும், கலாஸ், அதோடு முடிந்தது. வேண்டியது இன்ஸ்பெக்டர் கையெழுத்து ஒன்றுதான்.

எனக்கு உயிர் வந்தது. பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி அண்ணாச்சியிடம் நீட்டினேன். அவர் பேனாவையே பார்த்தார்.

"கூரை போட்டாச்சின்னா எழுதணும்?"

"ஆமா அண்ணாச்சி. சும்மா பேப்பருக்கு."

"போடலயே வே."

"அது தெரியும் அண்ணாச்சி."

"தெரிஞ்சிட்டே எப்பிடிவே போடச் சொல்லுதீரு? நான் தடவிப் பாக்காம க்ளோஸ் போட மாட்டேன்."

பி.எம். கெஞ்சினார், மிரட்டினார். கடைசியில் மலையாளத்தில் மட்டும் திட்டினார். அண்ணாச்சி அசையவில்லை. வேண்டுமென்றால் மாட்டுக்கு மட்டும் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். அவர் படம் எடுத்து முடிக்கும் முன்பே மாடு தானாக வெளியே போய்விட்டதாம், கண்ணால் பார்த்தாராம்.

அன்று மாலை ஆபீசுக்குப் பின்னாலிருந்த கஃபட்டீரியாவில் அவரை மடக்கினேன். இனிமேல் மறைக்க ஒன்றுமில்லை என்று எல்லாவற்றையும் கொட்டினேன். பழைய வார்னிங், விசா, மகளின் பள்ளி, எல்லாம். அவர் டீயைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"கஷ்டமாத்தான் இருக்கு தம்பி. ஆனா கூரை விழுந்து எத்தன தலைமுறையோ ஆகுது. நான் அது இருக்குன்னு எழுதி, நாளைக்கு ஒருத்தன் அந்தப் பேப்பர நம்பி மழைக்கு ஒதுங்கிட்டான்னா?"

"துபாய் வில்லா பேப்பரைப் பார்த்துட்டு ஜார்ஜியா மலையில எவன் அண்ணாச்சி ஒதுங்கப் போறான்?"

"சொல்ல முடியாதுல்லா."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த டீயை அவர் தலையில் ஊற்றியிருப்பேன். ஊர் உலகத்தில் எத்தனை பேர் எத்தனை பொய்க் கையெழுத்துப் போடுகிறார்கள். ஒரு குடும்பம் பிழைக்க ஒரு கிறுக்கல் போட இந்த மனிதருக்கு மனம் வரவில்லையே. "உங்களுக்கு மனுஷன் முக்கியமில்லை, சுவருதான் முக்கியம்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் சுவரில் மகள் எழுதியிருந்த தேதியைப் பார்த்தாள். அதைவிட என்னை நாலு திட்டுத் திட்டியிருக்கலாம்.

திங்கட்கிழமை பி.எம். வேறு வழியில்லாமல் கன்சல்டன்ட் எஞ்சினியருக்கே போன் போட்டார். அவர் எகிப்துக்காரர். ஸ்பீக்கரில் அவர் குரல் எனக்கும் கேட்டது. "யா ஹபீபி, நான் அதை கிளப் ஹவுஸ் என்றல்லவா நினைத்தேன்" என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, பட்டியலைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றார். ஆனால் திரும்ப வாங்க வேண்டுமென்றால், தவறு யாருடையது என்று ஒரு பெயர் எழுதிக் கொடுத்தாக வேண்டும். எங்கள் தலைமை ஆபீஸ் அதில் கறார். மதியம் பன்னிரண்டுக்குள் எழுத்து மூலமாக விளக்கம் வேண்டும் என்று பி.எம். எங்கள் இருவரிடமும் சொன்னார்.

என் பெயரைப் போட்டு நானே விளக்கம் அடித்தேன். அதில்கூட இரண்டு எழுத்துப்பிழை. பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். பி.எம். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அது முடிஞ்சு. நீ போய் வேலையைப் பாரு."

"சார், விளக்கம்..."

"வேண்டாம்னு சொன்னேனே. போய்க்கோ."

சாமி காப்பாற்றிவிட்டது என்றுதான் நினைத்தேன். தலைமை ஆபீசில் மறந்துவிட்டார்கள், பி.எம். மனம் இரங்கிவிட்டார் என்று எனக்கு நானே பல காரணம் சொல்லிக்கொண்டேன். வீட்டுக்குப் போகும்போது ஜிலேபி வாங்கிப் போனேன். மகள் பள்ளிக்குப் போக ஆரம்பித்தாள். பெண்டிங் அண்ணாச்சியோடு மட்டும் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் மதியம் என் கம்ப்யூட்டர் பக்கம் வந்து நிற்பார். நான் வேண்டுமென்றே விசைப்பலகையைத் தட்டிக்கொண்டிருப்பேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விடுவார்.

ஈத் வந்தது. ஆர்மீனியாவில் சுற்ற வேன் பேசினார்கள். அண்ணாச்சி வரவில்லை, முட்டுவலி என்றார். எங்களுக்கெல்லாம் ஆச்சரியம், ஏனென்றால் ஆறு மாதமாக அந்தப் பயணத்துக்குப் படம் போட்டுக் குறித்து வைத்துக்கொண்டிருந்தார். அந்த வேனில் இந்தத் தடவை நான் குடும்பத்தோடு போனேன். வழியில் பள்ளத்தாக்கு ஓரமாகப் பாதி இடிந்த தேவாலயம் ஒன்றைப் பார்த்ததும் கோபமெல்லாம் எங்கே போயிற்றோ, வேனை நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடினேன். படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். பெரிய மனது பண்ணி மன்னித்துவிட்டதாக நினைப்பு. ஒரே நிமிடத்தில் பதில் வந்தது.

"டேப் எங்க வே? டேப் வைக்காம எடுத்தா அது போட்டோ இல்ல, காலண்டர்."

அடுத்து இன்னொன்று. "வடக்குச் சுவரு எப்பிடி நிக்கி? ஒரு நிமிஷம் வீடியோ எடும்."

எடுத்தேன். இன்னும், இன்னும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். முக்கால் மணி நேரம் சுவரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். வேனில் ஹாரன் அடித்தார்கள். என் மனைவியே எட்டிப் பார்த்து, உங்களுக்கும் தொற்றிக்கொண்டதா என்று கேட்டாள்.

திரும்பி வந்த வாரத்தில் தணிக்கைக்காக ஊழியர்களின் பழைய ஃபைல்களை ஸ்கேன் செய்யச் சொன்னார்கள். என் வேலைதான் அது. எழுபது எண்பது ஃபைல் தாண்டியிருப்பேன். அண்ணாச்சியின் ஃபைல் வந்தது. மேலேயே ஒரு வார்னிங் லெட்டர். தண்டனை: இந்த ஈத் விடுமுறை ரத்து. அதோடு பின் அடித்திருந்த விளக்கக் கடிதம் அவருடைய கோணல் கையெழுத்தில், சைட் ஆங்கிலத்தில் இருந்தது. அதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'சி-14 என்ற ஃபைலை டாக்குமென்ட் கண்ட்ரோலர் டீ குடிக்கப் போயிருந்தபோது அவருடைய கம்ப்யூட்டரிலிருந்து நானே அனுப்பினேன். அவருக்கு எதுவும் தெரியாது. தவறு என்னுடையது.' கீழே கையெழுத்து. தேதி, அந்தத் திங்கட்கிழமை. நேரம், காலை பத்தரை.

நாலே முக்கால் மணிக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்து பொத்தானை அமுக்கியவன் நான்.

ஸ்கேனரை அப்படியே விட்டுவிட்டு சைட்டுக்கு ஓடினேன். சி பிளாக்கில் ஒரு குளியலறைக்குள் முட்டி போட்டு உட்கார்ந்து டைல்ஸைத் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். முட்டுவலிக்காரர் உட்காரும் லட்சணம் அது.

"அண்ணாச்சி, அந்தக் கூரைக்கு ஒரு கையெழுத்துப் போடச் சொன்னப்ப முடியாதுன்னீங்க. இதுக்கு மட்டும் எப்படிப் போட்டீங்க?"

எந்தக் காகிதம் என்று அவர் கேட்கவில்லை. அடுத்த டைலைத் தட்டினார்.

"கூரைக்கு என்ன வே அவசரம்? ஒம்ம பிள்ளைக்கு ஸ்கூல் தொறந்தாச்சில்லா."

அவர் பக்கத்தில் ஈரத்தரையில் உட்கார்ந்து, அண்ணாச்சி என்று மட்டும் இன்னொரு தடவை கூப்பிட்டேன். எதற்கு என்று அவரும் கேட்கவில்லை.